கைராசி டாக்டர் எங்கே?

கேள்வி: மனைவிக்கு இரண்டாம் மாதம். எந்த லேடி டாக்டரிடம் போவது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். மாமியாரோ ‘கைராசி’யான டாக்டர்தான் வேண்டும் என்கிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கைராசிக்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் தருவதில்லை. பெயர்ப்பலகையில் மகப்பேறு மருத்துவத்துக்கான எம்.டி., எம்.எஸ்., டி.ஜி.ஓ., டி.என்.பி. இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரிசப்ஷனில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் வருவார்? மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறாரா? ரத்தம் எங்கிருந்து வரும்? பதிலுக்கு முறைத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, சிசேரியனை எப்போது முடிவு செய்வீர்கள் என்பது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 60 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். (நல்ல நேரம் குறித்துக்கொண்டு போகும் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. டாக்டரை மட்டும் திட்டாதீர்கள்.)

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் பகுதி சுகாதார செவிலியரைப் பாருங்கள். தனியாரில் பிரசவம் என்றாலும் அரசின் ‘பிக்மி’ (PICME) கர்ப்பப் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைவீர்கள். எந்த ஆஸ்பத்திரியில் யார் பொறுமையாகப் பார்ப்பார், யார் கடைசி நேரத்தில் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவார் என்பதெல்லாம் அந்தச் செவிலியருக்கு அத்துப்படி. ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

மாமியாரிடம், டாக்டருக்குக் கைராசி அமோகம் என்று சொல்லிவிடுங்கள்.