பெட்டி கட்டும் நேரம்: அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அண்ணாச்சி. "பிறந்த ஊரில் இல்லாத பிழைப்பா?" என்று தாத்தா முகம் கொடுத்துப் பேச மறுக்கிறார். என்ன சொல்லட்டும்?
– டிப்ளமோ முடித்த இளைஞர், வெம்பக்கோட்டை

பதில்: சிவகாசிக் கதையையே எடுத்துச் சொல்லுங்கள், தம்பி. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மொழி புதிது, சாப்பாடு புதிது. மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை வந்தது. பட்டாசு, லேபிள் அச்சடிக்க வந்த அச்சகங்கள், காலண்டர், டைரி எல்லாம் அதன் பிறகு கிளைத்தவை. மானாவாரி வெள்ளாமையைக் கருக்கிய அதே வெயில்தான் தீக்குச்சியையும் காயவைத்துக் கொடுத்தது. அந்தப் பயனை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது கல்கத்தாவில் கற்ற தொழில். அந்த இருவரும் அன்று ரயிலேறாமல் இருந்திருந்தால், தாத்தா இன்று பெருமையோடு சொல்லும் சிவகாசி வேறு மாதிரி இருந்திருக்கும்.

அவர்கள் திரும்பியதால் நீங்களும் திரும்பியே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தொழிலில் தேறுங்கள். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: போகும்போது புது நண்பர்களுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் பட்டாசு ரயிலில் எடுத்துப் போகலாமா?
– அதே இளைஞரின் நண்பர்

பதில்: கூடவே கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பெட்டியில் தூங்கும் குழந்தைகளை நினைத்தால் அந்தப் பிரிவே தேவைப்படாது. சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கொண்டு போங்கள். நட்பு நன்றாகவே பற்றிக்கொள்ளும்.

கேள்வி: சென்னையில் வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?
– வாசகர், ஏழாயிரம்பண்ணை

பதில்: 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். அதிகத் தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு வாதாடுவது கஷ்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், பதிவும் ஆகட்டும். காலி செய்யும்போது பெயின்ட் கூலி என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். முக்கால்வாசிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் பட்டாசு ஆலையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறோம். மகன் கோயம்புத்தூருக்கு லேத் வேலைக்குப் போகிறேன் என்கிறான். "சோறு போட்ட தொழிலை விட்டு ஓடுகிறான்" என்று தெருவில் பேசுகிறார்கள். மனசு கேட்கவில்லை, அண்ணாச்சி.
– ஒரு தாய், தாயில்பட்டி

பதில்: அக்கா, 2021 பிப்ரவரி 12 உங்களுக்கு மறந்திருக்காது. பட்டாசு ஆலை வெடித்த அச்சன்குளம் உங்கள் தாலுகாதானே? காலையில் தூக்குவாளியோடு போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை! அந்த வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு தொழில் தேடினால் அதை ஓட்டம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நீங்கள் இருவரும் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்த காசில்தான் அவன் லேத் பிடிக்கப் படித்தான். தொழில் சோறு போட்டது உண்மை. அந்தச் சோற்றுக்கு நீங்கள் இருபது வருஷம் விலை கொடுத்ததும் உண்மை. மகன் பங்குக்கு இனி எந்தக் கடனும் பாக்கி இல்லை. போதாததற்கு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்ட பிறகு, சரம் பின்னிப் பிழைத்த வீடுகளில் வேலை நாள் எப்படிச் சுருங்கியது என்பதை உங்கள் தெருவே அறியும். ஒரே தொழிலை நம்பிய வீட்டில் வெளியூர்ச் சம்பளம் ஒன்று வருவது நல்லது.

பேசுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அவர்கள் பிள்ளையை மருந்து அலசும் அறைக்கு அனுப்பச் சம்மதமா?

கேள்வி: மனைவி, குழந்தையோடு குடிபெயர்கிறேன். எந்தெந்தப் பேப்பரை மாற்ற வேண்டும்?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: ரேஷன் கார்டைப் பற்றி உடனே கவலை வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8. பி.எஃப்.-க்குப் பழைய யூஏஎன் எண்ணையே புதுக் கம்பெனியில் கொடுங்கள். இஎஸ்ஐ எண்ணும் அப்படித்தான், ஒருவருக்கு ஒன்றே. "புதுசா போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய கணக்கில் கிடக்கும் பணத்தை எடுக்கப் பிறகு அலைவது நீங்கள்தான்.

கேள்வி: மகளுக்கு சென்னையில் வேலை. தனியாக எங்கே தங்கவைப்பது?
– ஒரு தகப்பனார், கல்லமநாயக்கன்பட்டி

பதில்: அரசின் 'தோழி' விடுதிகளைப் பாருங்கள். தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. தேடும் வேலையை மகளிடமே விடுங்கள், ஐயா. சம்பளம் வாங்கப் போகிறவருக்கு அறை பார்க்கவும் தெரியும்.

கேள்வி: நான் கும்பகோணத்துக்காரன். வேலை மாற்றலில் வெம்பக்கோட்டைக்கு வந்திருக்கிறேன். வெயிலும் முள்ளுக்காடும் தவிர எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்?
– ஓர் அரசு ஊழியர்

பதில்: விஜயகரிசல்குளத்துக்குப் போங்கள். வைப்பாற்றுக் கரை மேட்டில் 2022-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, ஆட்டக்காய், பாசிமணி என்று குவியலாகக் கிடைத்தது. சங்கு நம் கரிசலில் விளையாது. கடலோரத்திலிருந்து இங்கே கொண்டுவந்து அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். வெளியூர்ச் சரக்கும் ஆளும் வந்து போன இடம் இது. உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் இந்த வெயிலுக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டுப் பட்டாசு விற்பனை தொடங்குவதையும் பாருங்கள். மாலையில் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. அப்புறம் சொல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஊர் வர டிக்கெட்டே கிடைப்பதில்லை. வழி உண்டா?
– சென்னைவாழ் வெம்பக்கோட்டைக்காரர்

பதில்: 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய 120 நாள் கணக்கில் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். பயணத் தேதியிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, அன்று காலை எட்டு மணிக்குப் போனோடு தயாராக இருங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் கிடைக்காவிட்டால் சிலம்பு எக்ஸ்பிரஸைப் பாருங்கள். இரண்டும் சிவகாசியில் நிற்கும்.