ஈ ஓட்டிய சிலந்திகள்

பேஸ்பாலில் தோற்பது பெரிய அவமானம் இல்லை. ஒரு சீசனுக்கு நூற்றைம்பது ஆட்டத்துக்கு மேல் ஆடுகிற விளையாட்டு அது. அறுபது எழுபது ஆட்டங்களில் உதை வாங்கியவனையும் சாம்பியன் என்று தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவ்வளவு தாராள மனசுள்ள விளையாட்டிலும் 154 ஆட்டம் ஆடி 134-ல் தோற்ற ஒரு கூட்டம் இருந்தது: 1899-ஆம் ஆண்டின் கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ். ஆனால் ஆட்டக்காரர்களைத் திட்டுவதற்கு முன் அவர்களுடைய முதலாளிகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன். அண்ணனும் தம்பியும். தொழில் டிராம் ஓட்டுவது. 1891-ல் லீக் பார்க் என்ற மைதானத்தைத் தங்கள் டிராம் பாதையிலேயே பார்த்துக் கட்டினார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவன் டிராமுக்குக் காசு கொடுப்பான், வாசலில் காசு கொடுப்பான், அணி தோற்றாலும் வீட்டுக்குப் போக மறுபடி டிராமுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். விளையாட்டு ஆர்வம் என்பது இப்படித்தான் ஊற்றெடுக்கிறது.

அணி அப்போது சோடையில்லை. பேஸ்பாலில் பந்தை எறிகிற பிட்ச்சர்களுக்கு இன்றைக்கும் யார் பெயரில் விருது கொடுக்கிறார்களோ, அந்த சை யங் 1890-ல் வந்து சேர்ந்தது இங்கேதான். மட்டைக்கு ஜெஸ்ஸி பர்க்கெட். கேப்டன் பேட்ஸி டெபோ, நடுவரோடு மல்லுக்கு நிற்பதையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதியவர். 1895-ல் அந்நாளைய சூரர்களான பால்டிமோரை மண்ணைக் கவ்வவைத்து டெம்பிள் கப் என்ற கோப்பையைத் தூக்கினார்கள். ஆட்கள் எல்லாரும் கையும் காலுமாக ஒல்லியாக இருந்ததால் ஸ்பைடர்ஸ், அதாவது சிலந்திகள், என்று பெயர் வந்தது என்பார்கள்.

வசூல்தான் வரவில்லை. தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆடக்கூடாது என்பது சட்டம். 1897-ல் துணிந்து ஒரு ஞாயிறு ஆடிப்பார்த்தார்கள். போலீஸ் உள்ளே வந்து ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனது. ஃபிராங்க் ராபிசனுக்குக் கிளீவ்லேண்ட் மேலேயே கசப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து செயின்ட் லூயிஸில் ஓர் அணி ஏலத்துக்கு வந்தது. அதன் முதலாளி கிறிஸ் ஃபான் டெர் ஆஹே, பீர் விற்பனைக்குத் துணையாக அணி வைத்திருந்த ஜெர்மன்காரர். 1898-ல் அவருடைய மைதானம் தீப்பிடித்தது. அதே ஆண்டு, ஒரு கடன் தகராறில் அவரைத் துப்பறியும் ஆள் வைத்துப் பிட்ஸ்பர்க்குக்குத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். 1899-ல் அந்த அணி ராபிசன் சகோதரர்கள் கைக்கு வந்தது. இப்போது ஒரே லீக்கில் இவர்களுக்கு இரண்டு அணி. அன்றைக்கு அது சட்டப்படி செல்லுபடியாகிற அயோக்கியத்தனம்.

செயின்ட் லூயிஸில் ஞாயிறும் ஆடலாம், கூட்டமும் வரும். ஆகவே சை யங், பர்க்கெட், பாபி வாலஸ், டெபோ என்று தேறிய ஆட்கள் அத்தனை பேரையும் அங்கே ஏற்றிவிட்டார்கள். அந்த அணிக்குப் பெயரும் ‘பெர்ஃபெக்டோஸ்’. அடக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. செயின்ட் லூயிஸ் வேண்டாம் என்று கழித்த ஆட்கள் கிளீவ்லேண்டுக்கு வந்தார்கள். தம்பி ஸ்டான்லிக்கு அதை மேய்க்கும் வேலை. சீசனின் முதல் ஆட்டமே இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவில்தான். பழைய சிலந்திகள் புதிய சிலந்திகளை 10-1 என்று நசுக்கினார்கள்.

மேலாளராக வந்த லேவ் கிராஸ் 38 ஆட்டங்களில் எட்டை ஜெயித்துக் காட்டினார். குப்பையில் மாணிக்கம் கிடக்கிறது என்று கண்டுகொண்ட முதலாளிகள் உடனே அவரையும் பொறுக்கி செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜோ க்வின். ஆட்டம் இல்லாத காலத்தில் சவ அடக்கம் செய்து கொடுக்கிற தொழில் நடத்தியவர். இவ்வளவு பொருத்தமான நியமனம் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் வேறு இல்லை. அவர் காலத்தில் 116 ஆட்டம். 104-ல் பிரேதம் விழுந்தது. அதில் 24 தொடர்ச்சியாக. ஜிம் ஹியூயி என்ற பிட்ச்சர் நான்கு ஜெயித்து முப்பது தோற்றார். அணியில் அவரைவிட அதிகம் ஜெயித்த பிட்ச்சர் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளீவ்லேண்ட் மக்களை இந்த இடத்தில் மெச்சத்தான் வேண்டும். கல்லெறியவில்லை, மனுக்கொடுக்கவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வருஷம் முழுக்க மைதானத்துக்கு வந்த மொத்தத் தலை 6,088. டிராமும் காலி என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வசூலில் கிடைக்கும் பங்கு ஓட்டல் செலவுக்கே காணாது என்று வெளியூர் அணிகள் வர மறுத்தன. ஆகவே சிலந்திகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தோற்றார்கள். உள்ளூரில் 42 ஆட்டம், வெளியூரில் 112. வெளியூரில் மட்டும் 101 தோல்வி. இந்தச் சாதனையை எந்தக் கொம்பனாலும் முறியடிக்க முடியாது; இப்போது ஓர் அணி வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டம்தான். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் உயிரைக் கொடுத்து முயன்று 121 தோல்வி வரை வந்தது. பாவம், அதற்கு முதலாளியின் ஒத்துழைப்பு அந்த அளவு இல்லை.

கடைசி நாள் சின்சினாட்டியில். பிட்ச்சர்கள் ஓய்ந்துபோன நிலையில், ஓட்டலில் சுருட்டுக் கடை பார்த்துக்கொண்டிருந்த எடி கோல்ப் என்ற பையனைக் கூட்டிவந்து பந்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பெட்டி சுருட்டுக்கு நடந்த பண்டமாற்று என்று சொல்வதுண்டு. 19-3 என்று தோல்வி. மற்றவர்கள் வாங்கிய அடியோடு ஒப்பிட்டால் பையன் அப்படியொன்றும் குடிமுழுக வைத்துவிடவில்லை.

புரூக்ளின் முதலிடம். ஸ்பைடர்ஸ் அதற்கு 84 ஆட்டம் பின்னால், பன்னிரண்டாவது இடத்தில். ஊரையே மொட்டையடித்து ஊட்டி வளர்த்த பெர்ஃபெக்டோஸ் ஐந்தாவது இடம்! முதலில் வந்த புரூக்ளினும் இதே திருட்டைத்தான் செய்திருந்தது, பால்டிமோரைக் காலி செய்து. ஆக வித்தை ஒன்றுதான், இவர்களுக்குக் கைவரவில்லை.

அடுத்த ஆண்டு லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது. கழிக்கப்பட்ட நான்கில் கிளீவ்லேண்டும் ஒன்று. இப்படி ஓர் அணியை இழந்த முதலாளிகளின் மனம் என்ன பாடுபடும் என்று லீக்குக்கு இரக்கம் வந்து நஷ்டஈடு கொடுத்தது. அண்ணனும் தம்பியும் வாங்கிக்கொண்டார்கள்.