எண்ணெய் வந்தாச்சு, அண்டா எங்கே?

பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்றொரு சிற்றூர். 1850-களின் கடைசியில் அங்கே பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்க எட்வின் டிரேக் என்பவரை ஒரு கம்பெனி அனுப்பியது. அவருடைய தகுதி என்ன என்கிறீர்களா? ரயிலில் கண்டக்டராக இருந்து உடம்பு முடியாமல் நின்றவர். இலவச ரயில் பாஸ் மட்டும் கையில் இருந்தது. போக்குவரத்துச் செலவு மிச்சமாயிற்றே! வெறும் டிரேக் என்றால் ஊரில் யார் மதிப்பார்கள் என்று, கடித உறைகளில் 'கர்னல் டிரேக்' என்று எழுதி அனுப்பினார்கள். பட்டாளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் தபால்காரர் புண்ணியத்தில் கர்னல் ஆனார்.

1859 ஆகஸ்ட் 27. அறுபத்தொன்பதரை அடியில் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துளை போடும் கொல்லர் 'அங்கிள் பில்லி' ஸ்மித் சும்மா எட்டிப் பார்த்தார். உள்ளே எண்ணெய்! துளை போடுவதிலேயே குறியாக இருந்தவர்கள், வந்தால் எதில் பிடிப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. துணி துவைக்கும் தொட்டி வந்தது, விஸ்கி பீப்பாய் வந்தது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டில் பாய் இரவல் கேட்கிற கதைதான்.

அக்கம்பக்கமெல்லாம் கிணறு தோண்டினார்கள். 1861-ல் எண்ணெய் விலை பீப்பாய் 10 சென்ட்டுக்கு விழுந்தது. காலிப் பீப்பாய்க்கு அதைவிட மதிப்பு. வழியில் ஒழுகியது போக வாங்குகிறவன் முகம் சுளிக்கக் கூடாதென்று, 1866-ல் 40 கேலனுக்கு 2 கேலன் கொசுறு என்று முடிவு செய்தார்கள். இன்றைக்கும் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் என்றால் அந்தக் கொசுறையும் சேர்த்து 42 கேலன்தான்.

சரி, பீப்பாயை ஊர் தாண்டி எப்படிக் கொண்டுபோவது? ஆயில் கிரீக் என்ற ஓடையில் தண்ணீர் போதாது. மேலே அணை கட்டித் தேக்கி, ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, அந்தச் செயற்கை வெள்ளத்தில் படகுகளை மிதக்கவிட்டார்கள். முன்னால் போன படகு ஒன்று குறுக்கே திரும்பினால் பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறும். பீப்பாய் உடைந்து, எண்ணெய் முதலாளிக்கு முன்பே ஊர் போய்ச் சேரும்.

மிச்சம் குதிரை வண்டி. முழங்கால் சேறு, அதிலும் எண்ணெய் கலந்த சேறு. அதில் நடந்து நடந்து குதிரைகளுக்கு உடம்பு மயிர் உதிர்ந்துபோனது. வண்டிக்காரர்களோ ராஜா மாதிரி இருந்தார்கள். பிட்ஹோல் ஊரிலிருந்து சில மைல் தள்ளியிருந்த ரயிலடிக்குப் பீப்பாய்க்கு 3 டாலர், சேறு கூடினால் அதற்கும் மேலே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பொறுத்துப் பார்த்த சாமுவேல் வான் சைக்கல் என்ற எண்ணெய் வியாபாரி, 1865-ல் பிட்ஹோலிலிருந்து மில்லர் பண்ணை ரயிலடி வரை ஐந்து மைல் தூரத்துக்கு இரண்டங்குல இரும்புக் குழாய் போட்டார். ஊர் சிரித்தது. அவர் மூன்று பம்ப் வைத்து மணிக்கு 81 பீப்பாய் தள்ளினார். முந்நூறு வண்டி செய்கிற வேலை என்றார்கள். கட்டணமோ ஒரு டாலர். சிரித்த வண்டிக்காரர்கள் கடப்பாரையோடு வந்து குழாயைப் பிளந்தார்கள். வான் சைக்கல் துப்பாக்கிக் காவல் போட்டார். கச்சா எண்ணெய்க்குப் பாதுகாப்புப் படை என்ற வழக்கம் உருப்படியாக ஓடிய முதல் குழாயோடு கூடவே பிறந்ததுதான்.

சேமிப்புத் தொட்டி கதை இன்னும் விசேஷம். மின்னல் விழுந்து தொட்டி பற்றிக்கொண்டால் என்ன செய்தார்கள்? பீரங்கியால் சுட்டார்கள்! அடிப்பக்கம் ஓட்டை விழுந்து எண்ணெய் வடிந்தால் தீ தணியுமாம். தீயணைக்கப் பீரங்கி வைத்துக்கொண்ட தொழில் வேறு உண்டா?

பிறகு வந்தார் எண்ணெய்ப் பெருமுதலாளி ராக்பெல்லர். ரயில்களையெல்லாம் கைக்குள் போட்டுக்கொண்டிருந்த அவருக்குப் போட்டியாக, டைட்வாட்டர் கம்பெனி அலிகெனி மலையைத் தாண்டி வில்லியம்ஸ்போர்ட்டுக்கு 110 மைல் குழாய் போட்டது. ராக்பெல்லரின் ஆட்கள் வழியில் நிலத்தை நீளவாக்கில் வாங்கி வேலி கட்டிப் பார்த்தார்கள். டைட்வாட்டர் ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்தது. எண்ணெய் மலை ஏறாது என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். 1879 மே 28-ல் பம்பை ஓட்டினார்கள். மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக மலையேறிய எண்ணெய், ஏழாம் நாள் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. ராக்பெல்லர் என்ன செய்தார்? தாமும் குழாய் போட்டார். கொஞ்ச நாளில் டைட்வாட்டரோடு உடன்படிக்கையும் போட்டார்.

பிட்ஹோல்? 1865-ல் சில மாதத்துக்குள் சுமார் 15,000 பேர் கூடிய ஊர். கிணறு வற்றியது, தீ பிடித்தது, சனம் கலைந்தது. கடைசியில் ஊர் நிலம் மொத்தமும் மாவட்ட நிர்வாகத்துக்கு விலைபோனது 4 டாலர் 37 சென்ட்டுக்கு. பழைய வண்டிக்காரரிடம் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் ரயிலடிக்கு ஒன்றரைப் பீப்பாய்தான் போயிருக்கும்.