பரோக் படத்தின் முன் நிற்பது எப்படி?

அம்பிட்டியவில் இருந்துகொண்டு பரோக் ஓவியம் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியாவிட்டால் ஊருக்கே மரியாதைக் குறைவு. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துக் குருமடம் நிறுவிய ஊர் இது. அதைத் தொடங்கி நடத்திய பெல்ஜியத்துச் சேசுசபையார் பரோக் ஓவியர் ரூபென்ஸின் மண்ணிலிருந்து வந்தவர்கள். 1955இல் அந்தக் குருமடம் பூனாவுக்குப் போனது. கட்டடம் நமக்குத் தேசிய குருமடமாக மிஞ்சியது.

பயிற்சிக்குக் கரவாஜியோவின் 'மத்தேயுவை அழைத்தல்' போதும். 1599க்கும் 1600க்கும் இடையில் வரைந்தது. இருப்பது ரோமாபுரியின் சான் லூயிஜி ஆலயத்தில். போனில் தேடி எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, தலையைச் சற்றே சரித்து, "ம்ம்..." என்று இழுங்கள். பாதிப் பேர் இதிலேயே விலகிவிடுவார்கள்.

மிச்சப் பேருக்கு அமைப்பு. இடப்பக்கம் மேசையைச் சுற்றி ஆயக்காரர் கூட்டம், வலப்பக்கம் இயேசுவும் இராயப்பரும், நடுவே வெறும் சுவர், அதில் நீளும் இயேசுவின் கை. "இது சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கை" என்று போட்டுவிடுங்கள், உண்மைதான். மத்தேயு யார் என்று கேட்டால் பயப்படவேண்டாம். தாடிக்காரர் விரல் நீட்டுவது தன்னையா, குனிந்திருக்கும் பொடியனையா என்று அறிஞர்களே இன்னும் அடிபடுகிறார்கள். எதைச் சொன்னாலும் உங்கள் பக்கம் ஒரு பேராசிரியர் இருப்பார்.

நிறத்துக்கு அதிக நேரம் வேண்டாம். பழுப்பு, கறுப்பு, சட்டைகளில் கொஞ்சம் சிவப்பும் மஞ்சளும். "அடக்கம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

வெளிச்சத்தில்தான் ஆட்கள் மாட்டுவது. படத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியே வருகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது மங்கிக் கிடக்கிறது. வெளிச்சம் வருவது வலப்பக்கம் இயேசுவின் தலைக்கு மேலே, படத்துக்கு வெளியிலிருந்து. சான் லூயிஜியில் இந்தப் படம் இருக்கும் நிஜச் சிற்றாலயத்தில் பீடத்துக்கு மேலுள்ள ஜன்னலும் அதே பக்கம். இனி இடக்கோடியைப் பெருப்பித்துப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடி போட்ட கிழவரும் குனிந்த பொடியனும். அவர்கள் மேலும் வெளிச்சம் விழத்தான் செய்கிறது. ஆனால் கண் காசில். இதைக் கண்டபிறகு "ம்ம்" போடுவது கஷ்டம்; இந்த வழிகாட்டியின் குறை அது.

யாராவது கண்டிக்காரர், "ஏன், எங்கட தெகல்தொருவ விகாரைச் சுவரில் இல்லாத ஓவியமா?" என்று மடக்கினால் சண்டைக்குப் போகாதீர்கள். 18ஆம் நூற்றாண்டு வேலை அது. சிவப்புப் பின்னணி, நிழலே கிடையாது, ஒரே ஆள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவார். அங்கே கதை நடந்து போகிறது, கரவாஜியோ ஒரு நொடியில் அதைப் பிடித்து நிறுத்துகிறார். இதைச் சொன்னால் இருவருக்கும் தேநீர் வரும்.

பக்கத்தில் குருமடத்துப் பிரதர்மார் நின்றால் குரலைத் தாழ்த்துங்கள். அவர்கள் இந்த அழைப்பு வரும் மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்தவர்கள்.

ரோமாபுரிக்கே போகக் கிடைத்தால் சில்லறையோடு போங்கள். அந்த ஆயக்காரர் படத்துக்கு முன்னால் காசு போட்டால்தான் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தும் விடும்.