முலுண்ட் வெந்நீரியல்: பரபக்கமும் சுபக்கமும்

குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் பாய்கிறது. பக்கத்திலேயே இருக்கும் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சொட்டுகிறது. முலுண்ட் மேற்கின் பாஞ்ச் ரஸ்தா முதல் கிழக்கின் நவ்கர் ரோடு வரை, லோக்கலைப் பிடிக்க ஓடும் நேரத்தில் வீட்டுக்கு வீடு நிகழும் இந்த அற்புதத்தை அறிஞர் உலகம் இதுவரை பொருட்படுத்தவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். முதலாவதில் பிறர் மதங்களை எடுத்துச் சொல்லி மறுத்தார். இரண்டாவதில் தம் மதத்தை நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைதான் என்றாலும், ப்ளம்பருக்கு போன் போடுவதற்கு முன் செய்ய வேண்டியதும் இதுவே.

பரபக்கம்

அ. ஏரிவாதம். இவர்கள் ஜூன் பிறந்ததும் பேப்பரில் ஏரி மட்டம் பார்ப்பவர்கள். மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, பாட்சா, விஹார், துளசி என ஏழு ஏரிகளும் நிரம்பாதவரை கீசரில் வேகம் வராது என்பது இவர்கள் கொள்கை. மறுப்பு: ஏரிக்கு வெந்நீர், தண்ணீர் என்ற பேதம் தெரியாது. குறைந்தால் இரண்டு குழாயிலும் குறைய வேண்டும். தவிர, பக்கத்து பாண்டுப்பில் சுத்திகரித்து வரும் நீர் நம் பில்டிங்கின் தரைத்தொட்டியில் விழுந்ததுமே தன் அழுத்தத்தைத் துறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதை மேலே ஏற்றுவது சொசைட்டி மோட்டர்.

ஆ. டாங்க்கிவாதம். "மேல் மாடிக்கு பிரஷர் வராது மாமா" என்பது இதன் மூலமந்திரம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். மொட்டைமாடி டாங்க்கி தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருக்கும் ஏழாம் மாடிக்காரருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. முதல் மாடிக்காரருக்கோ இரண்டு வளிமண்டல அழுத்தம். கேஸ் கீசர் வைத்திருக்கும் மேல்மாடிக்காரர் பாடு இன்னும் மோசம். குறைந்தபட்ச அழுத்தம் இல்லாவிட்டால் அது பற்றிக்கொள்ளவே செய்யாது. ஆனால் அதே மாடியில் அதே டாங்க்கியிலிருந்து வரும் குளிர்நீர் பாய்கிறதே, அதற்கு இவர்களிடம் விடை இல்லை.

இ. செக்ரட்டரிவாதம். லிஃப்ட் நின்றது, புறா கூடு கட்டியது, வெந்நீர் சொட்டியது எல்லாவற்றுக்கும் செக்ரட்டரியே காரணம் என்பர். "சுவத்துக்கு அந்தப் பக்கம் சொசைட்டி, இந்தப் பக்கம் உங்க பொறுப்பு" என்பது அவர் பதில். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரியாக இருப்பதை நேர்மையுள்ள ஆய்வாளர் பதிவு செய்யத்தான் வேண்டும்.

ஈ. எலிமென்ட்வாதம். எலெக்ட்ரீஷியன் வழி வந்தது. மறுப்பு: எலிமென்ட் போனால் நீர் சுடாது, அவ்வளவுதான், வேகம் குறையாது. கீசருக்குள் மோட்டர் கிடையாது. அடியில் நுழையும் குளிர்நீர்தான் மேலே நிற்கும் வெந்நீரைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. உள்ளே போகும் வழி அடைத்தால் வெளியே வரும் வழியும் அடைத்ததுபோலத்தான்.

சுபக்கம்

இனி எம் நூற்பா:

தண்ணீர் பாய வெந்நீர் சொட்டின்
பழுது கீசர்ப் பக்கத்தது என்ப.

உரை: இரண்டும் சொட்டினால் மாடிக்குப் போகலாம். வெந்நீர் மட்டும் சொட்டினால் பாத்ரூமை விட்டு வெளியே போக வேண்டாம். சமையலறையில் அதே கீசரின் வெந்நீர் நன்றாக வந்தால் ஷவரோ மிக்சரோ குற்றவாளி. அங்கும் சொட்டினால் கீசரும் அதன் உள்வழியும் வெளிவழியும். மெயின் ஸ்விட்சை அணைத்து, கீசருக்கு நீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, உள்வழி கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றினால் கீசர் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும் (எல்லா மாடலிலும் இராது). அதில் துருச் செதில், மண், போன தடவை ப்ளம்பர் சுற்றிய வெள்ளை டேப்பின் சுருள் எல்லாம் குடியிருக்கும். கறுப்புத் துணுக்குகள் வெந்நீர்க் குழாய் வாயில் விழுந்தால், அவை வெளிவழிப் பைப்பின் உள்ரப்பர். வெந்நீர் பட்டுப் பட்டு அது உரிந்துவிட்டது. வெளியே பளபளக்கும் எஃகுப் பின்னலைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒரு சின்னத் துணுக்கா இவ்வளவு செய்யும் என்பார்க்கு: பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய் 1840களில் கண்ட விதிப்படி, குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும். அவர் ஆராய்ந்தது மெல்லிய குழல்களின் அமைதியான ஓட்டத்தை. நம் பைப்புக்கு அது அப்படியே பொருந்தாவிட்டாலும் துக்கத்தின் போக்கு அதுதான்.

ஒப்பீட்டுத் துறையினருக்கு ஒரு குறிப்பு. நம் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களே அதில் ஊர் சுற்றுகின்றன. கடுங்குளிரில் நீர் உறைந்து தொட்டி வெடிக்காதிருக்க, ஹீட்டரைத் தவிர்த்து நீரைத் திருப்பிவிடும் வால்வுகள் அதில் உண்டு. வசந்தத்தில் அவற்றைச் சரியாகத் திருப்பி வைக்க மறந்தால் ஆண்டு முழுக்க வெந்நீர் நோஞ்சான். ஆக, நோய் உலகளாவியது, மறதியும் அப்படியே.

முலுண்டில் நீர் உறைவதில்லை. ஜனவரி இரவுகளில் 16, 17 டிகிரி இறங்கினாலே நாம் ஸ்வெட்டரை எடுத்துவிடுவோம். அங்கேதான் வினை. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நீரை 20 டிகிரி சூடேற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 2.15 லிட்டர்தான் தர முடியும். 15 லிட்டர் பக்கெட் நிறைய ஏழு நிமிடம். 10 டிகிரி போதுமென்றால் அதே நேரத்தில் இரண்டு பக்கெட். சூட்டைக் கூட்டினால் வேகம் குறையும். வேகத்தைக் கூட்டினால் சூடு குறையும். இது இயற்கை விதி, சர்வீஸ் சென்டரில் புகார் கொடுத்து மாற்ற முடியாது.

இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்த ஒருவர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஜனவரியில் சூடு போதவில்லை என்று ஆங்கிள் காக்கை அரைச் சுற்று மூடுவார். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வரும், குடும்பம் வாழ்த்தும். மார்ச்சில் அதைத் திறக்க யாருக்கும் நினைவிராது. ஏப்ரலில் எல்லோருமாகச் சேர்ந்து ஏரியைத் திட்டுவார்கள்.

முடிவு: ப்ளம்பரை அழைக்கும் முன் ஆங்கிள் காக்கை முழுதாகத் திறந்து பார்க்க. அப்புறம் வலை, அப்புறம் பைப், அப்புறம் மிக்சர், கடைசியில்தான் பர்ஸ். ஜனவரியில் அதை மூடிய கை யாருடையது என்ற ஆராய்ச்சியில் மட்டும் இறங்க வேண்டாம். அது இயற்பியல் அல்ல, குடும்பவியல். அத்துறையில் பரபக்கம் உண்டே தவிரச் சுபக்கம் கிடையாது.