துப்புக்கூலி

ஏலே பேராண்டி, பெங்களூருல வேலை கெடச்சுட்டுன்னு ஒங்கம்மா தெருவுக்கே சீனி குடுத்தா. என்ன வேலைன்னு கேட்டா, கள்ளப்பயக கடை விரிக்கிற எடத்துல மறஞ்சு நின்னு பாக்கணுமாம். டார்க் வெப்பாம். வெளங்கிட்டு. துப்புக்கூலி வாங்குற வேலை.

நம்ம பக்கம் காளை களவு போனா, மூணாம் நாளு ஒரு மனுசன் வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிப்பான். "எடுத்தது யாருன்னு தெரியாது, எங்க நிக்குன்னு வேணா விசாரிக்கலாம்"பான். கூலி கைக்குப் போச்சுன்னா மறுநாளு காளை கம்மாய்க்கரையில நிக்கும். ஒங்க எடத்துல களவு போறது பாஸ்வேர்டும் ஆளுக விவரமும், அந்தக் கதை அப்படியா? காளை தொழுவத்துலதான் அசைபோடுது, ஆனா நூறு சந்தையில வித்துட்டாங்கீய. கூலி குடுத்தாலும் வித்தது வித்ததுதான்.

2014ல அமெரிக்காவுல மில்வாக்கியில ஹோல்டு செக்யூரிட்டின்னு ஒரு கம்பெனி. ரஷ்யாக்காரக் கூட்டம் ஒண்ணு 4,20,000 வெப்சைட்டுல கைவச்சு 120 கோடி பாஸ்வேர்டு சேத்துருக்குன்னாவ. ஊரே பதறுச்சு. எங்க சைட்டும் அதுல உண்டான்னு கேட்ட மொதலாளிமாருக்கு, வருசத்துக்கு 120 டாலர்ல இருந்து கட்டுங்க, சொல்லுதோம்னு பதில். கோடிக்கு ஒரு டாலர், நியாயமான வெலைதான்! அதுக்கு முந்துன வருசமே ஆஸ்திரேலியாவுல ட்ராய் ஹன்ட்னு ஒருத்தரு, ஒன் இமெயிலு எந்தக் களவுல போச்சுன்னு ஓசியிலேயே பாத்துக்கிட ஒரு சைட்டு தொறந்துட்டாரு. பொழைக்கத் தெரியாத மனுசன்.

சரி, தொழிலுக்கு வா. பொய்ப்பேரு வச்சுக்கோ, கள்ளன் பாசையிலயே பேசு, சாம்பிளு கேளு, ஆசைய வெளிய காட்டாத. எதுத்தாப்புல பேசுறவன் கள்ளன்தான்னு மட்டும் சத்தியம் பண்ணாத. 2017ல ஹன்சாங்கிற இருட்டுச் சந்தைய நெதர்லாந்து போலீசு கமுக்கமாப் புடிச்சு, மூடாம ஒரு மாசம் தானே நடத்துச்சு. அதே நேரத்துல ஆல்ஃபாபேங்கிற பெரிய சந்தைய அமெரிக்காக்காரன் மூடிட்டான். அங்கேருந்து ஓடியாந்தவனெல்லாம் நேரா போலீசு கடையிலதான் வந்து வெலை பேசுனான். ஒன்ன மாதிரி துப்பு பாக்க வந்தவனும் அதுல நின்னுருப்பான், எவன் கண்டான்.

துப்பு சொல்லுறதுல ஒரு புண்ணியம் இல்லாம இல்ல. சட்டுன்னு சொன்னா பாஸ்வேர்ட மாத்திப்புடலாம், கள்ளன் வச்சிருக்குறது ஒண்ணுக்கும் ஆகாமப் போயிரும். ஆனா ஒரே பாஸ்வேர்ட பத்து எடத்துல போட்டிருக்குறவனுக்கு நீ என்ன சொல்லி என்ன? இன்னொண்ணு. 2023 அக்டோபர்ல, 81.5 கோடி இந்தியர் ஆதார் விவரத்த எவனோ 80,000 டாலருக்கு வெலை கூறுதான்னு ரீசெக்யூரிட்டிங்கிற அமெரிக்கக் கம்பெனி துப்பு சொல்லுச்சு. ஆதார் நம்பரயும் பொறந்த தேதியயும் எங்க போயிலே மாத்துறது? அதுக்கு ஒங்க மேனேஜரு என்ன சொல்லுதாருன்னு கேட்டு எழுது.

பஸ் ஏறுறதுக்கு முந்தி ஒங்கப்பன் போனையும் கொஞ்சம் பாத்துட்டுப் போ. அவன் பேங்கு பாஸ்வேர்டு ஒன் பேரும் பொறந்த வருசமும்தான். டீக்கடையில வச்சு அவனே சத்தமாச் சொன்னான்.