பாதியை வெட்டினால்தான் மீதி பெருக்கும்

கேள்வி: ஏக்கரில் ஆயிரம் தேக்கு வைத்து ஆறு வருஷமாச்சுங்க. பாதியை வெட்டச் சொல்றாங்க. பிள்ளை மாதிரி வளர்த்ததை எப்படிங்க வெட்டறது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒரே பாயில் பத்துப் பேரைப் படுக்க வைத்தால் அத்தனை பேரும் ஒருக்களித்துத்தான் தூங்க வேண்டும். உங்கள் தேக்கு அப்படித்தான் நிற்கிறது! நெருக்கத்திலும் உயரம் அவ்வளவாகக் குறையாது, குறைவது சுற்றளவு. விலையோ சுற்றளவுக்குத்தான்.

தேக்கு நிழல் பொறுக்காத மரம். உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டதும் கீழ்க்கிளைகள் காயும். இலை குறைந்தால் அடிமரம் பெருக்காது. நம் சமவெளி மழையில் கிடைக்கும் கொஞ்ச ஈரத்தையும் ஆயிரம் வேர்கள் பங்கு போட்டால் மரம் நலிந்து போகும். நலிந்த மரத்தில் நோயும் பூச்சியும் எளிதில் ஏறும்.

2 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் 5-ஆம் ஆண்டு வாக்கில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக் கலைப்பது வழக்கம். நீங்கள் ஒரு வருஷம் தாமதம், அவ்வளவே. 10-ஆம் ஆண்டு வாக்கில் அடுத்த கலைப்பு. அப்போது கோணல், கவட்டை, நோஞ்சான் மரங்களைப் பார்த்து எடுங்கள். நல்ல விலை வருகிறதென்று நேரான மரத்தை விற்று, கோணலை மிச்சம் வைக்கிறவர்கள் உண்டு. அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். ஒரேயடியாக அளவுக்கு மீறி எடுத்துத் தோப்பைத் திறந்துவிட்டாலும் மிச்ச மரங்களைக் காற்று சாய்த்துவிடும்.

வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும், கிள்ளிவிடுங்கள். ஆனைமலை டாப்ஸ்லிப்பில் ஆங்கிலேய வன அதிகாரி ஹியூகோ வுட் காலத்துத் தேக்குகளை ஒருமுறை பார்த்து வாருங்கள், மனம் துணியும். அரிவாள் எடுக்குமுன் வனத்துறை அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.